குடம் விழுங்கிய குரல்

கோயில் கொடை விழா முடிந்த மறுநாள் சுரண்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வில்லுப்பாட்டு வீடியோக்கள் வரிசையாக வந்து விழும். திறந்தால் முதலில் குடம் அதிரும். அதன்மேல் உடுக்கை, அதற்கும் மேலே ஜால்ரா. கதை சொல்லும் புலவரின் வாய் அசைவது தெரியும்; சுடலைமாடன் கதையில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதுதான் பிடிபடாது. முந்தின ராத்திரி அதே இடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவருக்கோ ஒரு சொல் தவறாமல் கேட்டது. வீடியோ எடுத்த போனும் மட்டமானது இல்லை. காதுக்கு எட்டியது போனுக்கு ஏன் எட்டவில்லை?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிய நினைக்கிறவர்கள், எந்த மைக் நல்ல மைக் என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை காண்பது நல்லது. எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எது வீண் என்பதில் பாதி அதிலேயே தெளிந்துவிடும்.

இரண்டு காது, ஒரு எண்

ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது. மைக்கின் மெல்லிய தகடு அந்த அழுத்தத்துக்கு ஏற்ப அசைகிறது. அந்த அசைவை ஒரு விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணாக எழுதி வைப்பதுதான் இன்றைய ஒலிப்பதிவு. ஒரு கணத்துக்கு ஒரு மைக்குக்கு ஒரே ஒரு எண்தான். அந்தக் கணத்தில் குடம் எவ்வளவு தள்ளியது, குரல் எவ்வளவு தள்ளியது என்ற கணக்கு அதில் கிடையாது. எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை மட்டுமே இருக்கும்.

கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை வேறு. இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடது காதுக்கு முதலில் வரும். வலது காதுக்கு மிஞ்சிப்போனால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் முக்கால் பங்கு தாமதமாகும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு திசை குறித்துக்கொள்கிறது. பிறகு வேண்டிய திசையைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பின்தொடர்கிறோம் என்று காலின் செர்ரி சோதனை செய்து கட்டுரை எழுதியது 1953-இல். கண்ணும் துணைக்கு வருகிறது. புலவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது பாதிச் சொல்லை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

போன் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒலி ரொம்பப் பெரிதாக வந்தால் தானே குறைத்துக்கொள்ளும். சிறிதாக வந்தால் தானே கூட்டிக்கொள்ளும். பேச்சைப் பதிய இது அருமையான வசதி. வில்லுப்பாட்டில் இதுவே வினையாகிறது. குடத்தில் ஒரு அடி விழுந்ததும் போன் பயந்துபோய் மொத்த ஒலியையும் இறக்கிவிடும், அதோடு குரலும் இறங்கும். மெல்ல ஏற்றுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். வீடியோவைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு அடிக்கும் குரல் உள்ளே போய் உள்ளே போய் வருவது தெரியும்.

பதிந்த பிறகு சரிசெய்ய முடியாதா என்றால், அரைத்த சட்னியிலிருந்து தேங்காயைத் தனியே எடுக்கச் சொல்வதுதான் அது. ஓரளவு எடுக்கலாம் என்கிற காலம் இப்போது வந்திருக்கிறது என்பது உண்மை. ஜான் லெனான் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்த குரலைக் கணினியால் பிரித்தெடுத்து, 2023-இல் பீட்டில்ஸின் பெயரில் 'நவ் அண்ட் தென்' பாட்டை வெளியிட்டார்கள். ஆனால் பரவலாகக் கிடைக்கும் பிரிப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலு கூறாகத்தான் பிரிக்கும். குடமும் வில்லை அடிக்கும் வீசுகோலும் வில்மணியும் அந்தக் கணக்கில் எங்கே போய் விழும் என்று அந்த மென்பொருளுக்கே தெரியாது. கூட்டாமல் வைத்திருப்பதே மேல்.

தடம் தடமாக

ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி வரிசையாகப் பதிந்து, கூட்டுவதைப் பிறகு நிதானமாகச் செய்வதற்குப் பெயர் பல்தடப் பதிவு. ஒரு வரிசை ஒரு தடம். ஸ்டுடியோக்காரர்கள் டிராக் என்பார்கள். குரல் தடத்தை மட்டும் ஏற்றலாம், குடத்தை மட்டும் இறக்கலாம், ஜால்ராவை ஓரத்துக்குத் தள்ளலாம்.

இதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால். ஒரே ஆளாகப் பல கிடார் வாசித்தது போலக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், பதிந்ததன் மேலேயே மறுபடி மறுபடி பதிந்து பார்த்தார். ஒரு அடுக்கில் பிசகினால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு 8 தடங்கள் கொண்ட டேப் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தது. விலை 10,000 டாலர். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் 4 தடம் பதியும் போர்ட்டாஸ்டுடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றே வருஷத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டறையில் அதை வைத்துப் பதிந்த பாடல்கள் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாகவே வெளிவந்துவிட்டன. நம்மூரில் 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 'ரோஜா' வந்தது 1992-இல். பெரிய இசைக்கூடத்துக்குப் போகாமல் வீட்டோடு உட்கார்ந்து தடம் தடமாக அடுக்குவது தமிழ் சினிமாவின் ஒலியையே மாற்றியது.

இன்று தடம் என்பதற்கு விலையே கிடையாது. ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். தனி ஆளுக்கான உரிமம் 60 டாலர். எதில் வேண்டுமானாலும் ஐம்பது, நூறு என்று தடம் போட்டுக்கொள்ளலாம். விலை இருப்பது வேறோர் இடத்தில்.

ஒரே நேரத்தில் எத்தனை?

மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். கடையில் சவுண்ட் கார்டு என்றாலே எடுத்துக் காட்டுவார்கள். இதில் எத்தனை மைக் வாய் இருக்கிறதோ, அத்தனை ஒலியைத்தான் ஒரே கணத்தில் தனித்தனியாகப் பிடிக்க முடியும். பெட்டியின் விலை பெரும்பாலும் இந்த வாய்களின் எண்ணிக்கையோடுதான் ஏறுகிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் இரண்டு வாய். பெரிங்கர் யூஎம்சி 404எச்டி-யில் நாலு. அதே வரிசையில் யூஎம்சி 1820-இல் எட்டு.

எனவே மொத்தம் எத்தனை வாத்தியம் என்று எண்ணுவதில் பயன் இல்லை. எத்தனை ஒலிகள் ஒரே கணத்தில் எழுந்தாக வேண்டும் என்று எண்ண வேண்டும்.

ஆலயப் பாடல் ஒன்றை வீட்டில் தயாரிக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். காலையில் கீபோர்டு வாசித்துப் பதிகிறார். மத்தியானம் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுகிறார். சாயந்திரம் தங்கை வந்து இரண்டாம் குரல் பாடிவிட்டுப் போகிறாள். முடிவில் 20 தடம் சேர்ந்தாலும் எந்தக் கணத்திலும் இரண்டு வாய்க்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. எட்டு வாய்ப் பெட்டி வாங்கினால் ஆறு வாயில் தூசிதான் படியும்.

வில்லுப்பாட்டு இப்படித் தனித்தனியாக வந்து பாடிவிட்டுப் போகிற கலை இல்லை. புலவர் ஒரு வரியை இழுத்தால் குடக்காரர் காத்திருப்பார். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடும் வேகத்தைப் பார்த்துத்தான் புலவர் அடுத்த அடியை எடுப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இது நடக்காது. குடத்தை இன்றும் குரலை நாளையும் பதிந்து ஒட்டினால் தாளம் சரியாக இருக்கும், கதை செத்துப்போயிருக்கும். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, காந்தி கதையைக்கூட வில்லில் ஏற்றி மேடைமேடையாகச் சொன்ன சுப்பு ஆறுமுகம் போன்றவர்களின் பதிவுகளைக் கேட்டால், பாட்டைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறது.

அத்தகைய குழு ஒன்று சுரண்டையில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பதியப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முழம் கணக்கு

குழுவில் புலவர், குடக்காரர், உடுக்கைக்காரர், ஜால்ராவும் கட்டையும் வைத்துப் பின்பாட்டுப் பாடும் இருவர். வில்லை அடிப்பது புலவரேதான். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தால்தான் ஒருவருக்கொருவர் கேட்கும். நெருங்கி உட்கார்ந்தாலோ புலவர் மைக்கில் குடமும் விழும். இதைக் கசிவு என்போம்.

கசிவை எவ்வளவு குறைக்கலாம் என்பதை விரல்விட்டே எண்ணிவிடலாம். தெரிய வேண்டியது ஒரே விதி: ஒலி எழும் இடத்திலிருந்து தூரம் இருமடங்கானால் அழுத்தம் பாதியாகும்; பத்து மடங்கானால் பத்தில் ஒன்றாகும்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் புலவர் குரலின் அளவு 1, குடத்தின் அளவு 4 என்று கொள்வோம். தெருவில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் போனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டும் ஒரே விகிதத்தில் தேயும். குடம் நாலு மடங்காகவே நிற்கும். குரல் தோற்றது.

இப்போது புலவருக்கு அரை மீட்டர் முன்னால் ஒரு மைக் வைக்கிறோம். குடம் அந்த மைக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. குரல் 2, குடம் 4. இன்னும் தோல்விதான். மைக்கை வாய்க்கு 10 சென்டிமீட்டர் வரை கொண்டுபோகிறோம். குரல் 10, குடம் அதே 4. காசு ஒன்றும் செலவில்லை. ஒரு முழத்துக்குள் நகர்த்தியதில் ஆட்டம் தலைகீழாகிவிட்டது.

இன்னொரு படி இருக்கிறது. மேடைப் பாடகர்கள் பிடிக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மந்தமாகக் கேட்கும். கேட்கும் பரப்பை வரைந்தால் இதய வடிவில் வரும். மைக்கின் முதுகைக் குடத்தின் பக்கம் திருப்பிவிட்டால், குடம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 4 என்பது 0.8 ஆகும். குரல் 10, குடம் 0.8. பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! வாட்ஸ்அப் வீடியோவில் நாலில் ஒன்றாகக் கிடந்த குரல் இது.

நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் கெடுக்கும். குடத்தின் கனத்த அடி ஒலிக்கு மைக்கின் முதுகு அவ்வளவாகச் செவிடு இல்லை. வாய்க்கு மிக அருகில் போனால் குரலில் கனம் கூடிக் கரகரக்கும். ஆனாலும் மூவாயிரம் ரூபாய் மைக்கை 10 சென்டிமீட்டரில் வைத்தவர், முப்பதாயிரம் ரூபாய் மைக்கை அரை மீட்டரில் வைத்தவரை இந்த அறையில் சுலபமாக ஜெயிப்பார்.

வாய்களைப் பங்கிடுவதும் இதே வழியில்தான். முதல் வாய் புலவருக்கு. வீசுகோல் வில்லில் படும் ஓசையும் மணிகளும் அவர் கைக்கு முன்னாலேயே எழுவதால் தானாக அதில் வந்துவிடும். இரண்டாவது குடத்துக்கு, மூன்றாவது உடுக்கைக்கு, நாலாவது பின்பாட்டுக்காரர் இருவருக்கும் நடுவில். ஜால்ராவுக்கென்று தனி மைக் வைப்பது வீண். அதன் கூர்மையான ஓசை அழைக்காமலே எல்லா மைக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆர்மோனியம் சேர்ந்தால் ஐந்தாவது வாய் வேண்டியிருக்கும். அது இல்லையென்றால் பின்பாட்டுக்காரர் மைக்கை ஆர்மோனியக்காரருக்கும் பங்கு வைக்கலாம்.

கையில் காசு குறைவு, இரண்டு வாய்ப் பெட்டிதான் கட்டுப்படியாகும் என்றால்? புலவருக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. எனக்குத் தெரிந்தவரை, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் கிடைக்கும் லாபம் இரண்டிலிருந்து எட்டுக்குப் போவதில் கிடைப்பதில்லை. கதை சொல்லும் குரல் தனியாக வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆளுக்கொரு போன் வைத்தால்?

கெட்டிக்கார வாசகர் இதற்குள் கேட்டிருப்பார்: ஐந்து பேரிடமும் போன் இருக்கிறதே, ஆளுக்கு முன்னால் ஒன்றை வைத்துப் பதிந்து கம்ப்யூட்டரில் அடுக்கினால் பெட்டி எதற்கு?

யோசனை நல்ல யோசனைதான், பாட்டு சின்னதாக இருக்கிற வரைக்கும். ஒவ்வொரு போனும் விநாடிக்கு 48,000 முறை அளப்பதாகச் சொன்னாலும், அந்த விநாடியைத் தருவது அதனுள் அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டு. இரண்டு துண்டுகள் அச்சாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்து லட்சத்துக்கு 30 என்ற அளவு வித்தியாசம் சர்வசாதாரணம். கேட்கும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள். 5 நிமிஷப் பாட்டில், அதாவது 300 விநாடியில், இரண்டு போனும் 9 மில்லிசெகண்ட் விலகும். பெரும்பாலோர் காதுக்கு அது தட்டாது. அரை மணி நேரக் கதையில் 54 மில்லிசெகண்ட். குடமும் ஜால்ராவும் சேர்ந்து விழுந்த ஒரே அடி, இப்போது 'தடக்' என்று இரண்டாக விழும். ஒரு மணி நேரமானால் 108. ஒலி அந்த நேரத்தில் 35 மீட்டருக்கு மேல் போய்விடும். குடக்காரர் அடுத்த தெருவில் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கும்.

இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கி ஒரே லேப்டாப்பில் செருகினாலும் இதே சிக்கல்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் தனிக் கடிகாரம். நாலு வாய்ப் பெட்டிக்குக் கொடுக்கும் விலையில் மின்சுற்றும் தகரமும் மட்டும் இல்லை: நாலு மைக்கையும் ஒரே கடிகாரத்தில் கட்டிப்போடும் வேலையும் அதில் அடக்கம். அதனால்தான் அரை மணி கழிந்தாலும் நாலு தடமும் மயிரிழை பிசகாமல் சேர்ந்து ஓடுகின்றன.

சின்னப் பாட்டுக்குப் போன்களை நம்புகிறவர்கள், தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எல்லாப் போனுக்கும் கேட்கும்படி ஓங்கிக் கை தட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டு தட்டையும் திரையில் நேராக்கி, நடுவில் உள்ளதை மென்பொருளில் துளி இழுத்தாலோ சுருக்கினாலோ ஓரளவு பொருந்தும். ஒலியைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க வழி உள்ள பதிவுச் செயலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது

மைக் செட் கடைகளில் யூஎஸ்பி மிக்சர் என்று ஒன்று கிடைக்கும். எட்டு மைக் செருகலாம், கம்ப்யூட்டரிலும் இணைக்கலாம், விலையும் குறைவு. பல்தடப் பதிவுக்கு வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இவற்றில் பல, எட்டு மைக்கையும் உள்ளேயே கலந்து, இடம் வலம் என்று இரண்டே தடமாகத்தான் யூஎஸ்பி வழியே அனுப்பும். திரையில் இரண்டு கோடுதான் ஓடும். மறுபடி சட்னிதான்! பெட்டியில் மல்டிட்ராக் என்று எழுதியிருக்கிறதா, கம்ப்யூட்டருக்கு எத்தனை தடம் போகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால் ஒரு கேபிளைச் செருகி ரீப்பரில் எத்தனை உள்வரவு காட்டுகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கோயில் திடலிலேயே போய்ப் பதிய நினைப்பவர்களுக்கு ஜூம் எச்6 மாதிரியான கைப்பதிவுக் கருவிகள் பொருந்தும். அதன் உடம்பில் நாலு மைக் வாய், தலையில் இரண்டு மைக். பேட்டரியில் ஓடும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் அதுவே சவுண்ட் கார்டாகவும் வேலை செய்யும்.

192 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். விநாடிக்கு 1,92,000 முறை அளக்கும் என்று பொருள். மனிதக் காது கேட்கும் உச்சம் விநாடிக்கு 20,000 அதிர்வு. அதைப் பிடிக்க அதைப்போல் இருமடங்குக்குக் கொஞ்சம் மேலே அளந்தால் போதும். 1982-இல் வந்த சிடி 44,100-இல் நின்றதற்குக் காரணமும் அதுதான். 48,000-க்கு மேல் போனால் ஹார்ட் டிஸ்க் நிறையும், காது நிறையாது. 24 பிட் என்பது மட்டும் முக்கியம். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறோம் என்பதைச் சொல்வது அது. 24 பிட் இருந்தால் ஒலியளவை நன்றாகக் குறைத்து வைத்தே பதியலாம், பிறகு ஏற்றும்போது இரைச்சல் கூடவே எழுந்து வராது. உடுக்கைக்காரர் உற்சாகத்தில் ஓங்கி அடிப்பார் என்பது தெரிந்ததே. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடம் போனது போனதுதான், எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது.

கம்ப்யூட்டர் புதிதாக இருக்க வேண்டுமா? ஒரு தடம், 48,000 அளவு, அளவுக்கு 3 பைட். பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடம் 518 எம்பி. நாலு தடமும் சேர்ந்து 2 ஜிபி சொச்சம். ஒரு சினிமாவை டவுன்லோடு செய்கிற அளவு. பழைய லேப்டாப்புக்கும் இது சுமையே இல்லை. புது லேப்டாப்புக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் அதில் பாதியைச் சவுண்ட் கார்டுக்கும், கால் பங்கை மைக்குகளுக்கும், மீதியை ஸ்டாண்டு, வயர், ஹெட்போனுக்கும் வைப்பேன். ஸ்டாண்டு இல்லாமல் 10 சென்டிமீட்டர் கணக்கு நிற்காது.

முந்தியும் பிந்தியும்

தனியாளாகத் தடம் அடுக்குகிற அந்த இளைஞருக்கு வேறொரு தலைவலி வரும். பாடுகிறார்; தன் குரல் ஹெட்போனில் ஒரு துளி பிந்தி, எதிரொலி மாதிரி விழுகிறது. தாளம் வழுக்குகிறது.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணாக வாங்கிக் கையாளாது. ஒரு கைப்பிடி சேர்ந்ததும் அள்ளும். 256 எண்களை ஒரு கைப்பிடியாக வைத்தால் அது நிறைய 5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், போக ஒன்று வர ஒன்று என்று சேர்ந்து பத்தைத் தாண்டிவிடும். மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்கிற தாமதம் அது. கைப்பிடியைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், பழைய கம்ப்யூட்டர் திணறிப் 'படபட'வென்று வெடிப்பொலி எழுப்பும். விண்டோஸில் சவுண்ட் கார்டு நிறுவனமே தரும் ஏஸியோ டிரைவரைப் போட்டால் பாதி சரியாகும். மீதிக்கு, பெட்டியின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். இந்தப் பொத்தான் இல்லாத பெட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

மெத்தை விஷயம்

கான்கிரீட் தளம், பூசின சுவர், டைல்ஸ் தரை. நம்மூர் வீட்டறை ஒலியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பி அனுப்பும். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி காலி அறையில் கை தட்டினால் மூன்று விநாடி வரை ரீங்காரம் நிற்கலாம். நாலு பேர் வந்து உட்கார்ந்தாலே அது பாதியாகும். உடம்பும் உடுப்பும் ஒலியைக் குடித்துவிடும். இலவம்பஞ்சு மெத்தைகள் மூன்று நாலைச் சுவரில் சாய்த்து, கீழே ஜமுக்காளம் விரித்தால் அரை விநாடிப் பக்கம் வந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் மெத்தைக் கதைதான். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றுமே விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடகக் கொட்டகையின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமந்து வந்து கூடத்தில் போட்டு, ரீங்காரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அறையின் கொள்ளளவுக்கும் உறிஞ்சும் பரப்புக்கும் உள்ள உறவு அப்படித்தான் தெரியவந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுவது இந்தக் கணக்கில் அநேகமாக எதுவும் சாதிக்காது. மெல்லிய அட்டை கனத்த ஒலியை உறிஞ்சாது. முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மைக் வாங்கும்போதும் அறையை நினைத்துக்கொள்ள வேண்டும். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக்குகள் நுட்பமானவை. அடுத்த தெருவில் பஸ் ஹாரன் அடித்தாலும் எழுதி வைக்கும். மின்சாரம் கேட்காத டைனமிக் மைக், ஷூர் எஸ்எம்58 போன்றது, தூரத்து ஒலிக்கு மந்தம். டைல்ஸ் போட்ட முன்னறைக்கு அந்த மந்தமே நல்லது. அசல் ஷூர் வாங்க முடியாதவர்கள் அதே வகையில் விலை குறைந்த வேறு டைனமிக் மைக்கை எடுக்கலாம். 10 சென்டிமீட்டரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கரண்டும் காற்றும்

பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் தொடர்ந்தால் அது பெரும்பாலும் மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. எர்த் சரியில்லாத இடத்தில் அந்த 50 மைக் வயரில் ஏறிக்கொள்ளும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் பல வீடுகளில் உடனே அடங்கிவிடுகிறது. மூன்று ஊசி உள்ள மைக் வயர் வாங்குவதும் இதற்காகத்தான். அதில் இரண்டு கம்பியில் ஒரே ஒலி ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகும். வழியில் சேர்ந்த முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். பெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது முனகல் போய் ஒலி மட்டும் தங்கும்.

காற்றை அவ்வளவு சுலபமாகக் கழிக்க முடியாது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் சாரலாக விழுந்துவிட்டு, சுரண்டைப் பக்கம் வரும்போது பெரும்பாலும் வெறும் காற்றாக மிஞ்சுகிறது. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? ஆடிக் கொடையில் பதியப் போனால் அந்தக் காற்று மைக்கின் வாயில் மோதிச் சுழன்று 'கடகட'வென்று இடிக்கும். பஞ்சு உறை போட்டால் பாதி குறையும். மீதி இடிப்பு பெரும்பாலும் 80 அதிர்வுக்குக் கீழே இருப்பதால், அதற்குக் கீழுள்ளதை மென்பொருளில் வெட்டிவிடலாம். புலவரின் குரல் 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் தொடங்கும், அதற்கு ஒரு சேதமும் வராது. ஆனால் குடத்தின் 'டும்' தங்கியிருப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். வாட்ஸ்அப் வீடியோவில் அங்கே கத்தி வைத்தால் காற்றோடு குடமும் போய்விடும். தனித்தடமாக வைத்திருப்பவர் குரல் தடத்தில் மட்டும் வெட்டிவிட்டுக் குடத்தைத் தொடாமல் விடுவார். குட மைக்கை இரண்டு ஆள் முதுகு மறைக்கிற பக்கமாகத் திருப்பி வைத்தால் அங்கே காற்றும் குறைவு.

வீட்டுக்குள் பதிகிறவர்களுக்குக் காற்று என்றால் மின்விசிறி. நிறுத்தத்தான் வேண்டும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்த விசிறியென்றால் அதன் இரைச்சல் மைக் வயரிலும் ஏறும். விடியற்காலை நாலு மணிக்குக் குழுவை வரச்சொன்னால் வெக்கையும் இருக்காது, வெளிக்காற்றும் தணிந்திருக்கும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிகள் மட்டும் எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.